சூப்பர்சார்ஜருக்கு எந்த அளவு புல்லி? மதுரை வெயிலையும் நம்ம ஊர் பெட்ரோலையும் கணக்கில் எடுத்த முழு வழிகாட்டி

சூப்பர்சார்ஜர் என்பது பெல்ட்டில் ஓடி, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் பம்ப். அதன் புல்லி சின்னதானால் உள்ளே இருக்கும் ரோட்டார் வேகமாகச் சுற்றும், பூஸ்ட் (கூடுதல் காற்றழுத்தம்) ஏறும். சூப்பர்சார்ஜர் உள்ள காரை வாங்கியவர்கள் பட்டறைக்கு வந்ததும் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: "அண்ணே, இருக்கறதுலயே சின்ன புல்லி எது?" நடுவில் செய்ய வேண்டிய அளவும் கணக்கும் எல்லாம் விட்டுப்போய், நேராகக் கடைசிப் படிக்குத் தாவுகிற கேள்வி அது. புல்லியின் அளவை முதலில் முடிவு செய்யக் கூடாது. ரோட்டார் வேகம், காற்றின் சூடு, பெட்ரோலின் ஆக்டேன் (தானாக வெடிப்பதைத் தாங்கும் எண்), பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர், பெல்ட் என்று ஐந்து எல்லைகள் இருக்கின்றன. இவற்றில் எது முதலில் முட்டுகிறதோ அதுதான் உங்கள் புல்லியின் அளவைச் சொல்லும். மதுரையில் பெரும்பாலும் முதலில் முட்டுவது சூடு.

பழைய மெர்சிடிஸ் சி200 கொம்ப்ரெஸர், ஆடியின் 3.0 டி.எஃப்.எஸ்.ஐ (பெயரில் டர்போவைக் குறிக்கும் டி இருந்தாலும் உள்ளே இருப்பது சூப்பர்சார்ஜர்தான்), வெளியே கிட் வாங்கிப் பொருத்திய வண்டிகள் என எல்லாவற்றுக்கும் இந்த வரிசை பொருந்தும்.

1. கையில் இருக்க வேண்டியவை

ஒரு நல்ல வெர்னியர். ஓ.பி.டி ஸ்கேனர் (காரின் கணினியைப் படிக்கும் கருவி), அதுவும் எண்களைப் பதிவு செய்து வைக்கக் கூடியது. பூஸ்ட் கேஜ். காற்று-எரிபொருள் கலவையை அளக்கும் வைட்பேண்ட் ஆக்ஸிஜன் சென்சார். உங்கள் வண்டியின் இ.சி.யுவை (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) எழுதத் தெரிந்த டியூனர். அப்புறம், உங்கள் சூப்பர்சார்ஜரின் மாடல் எண்ணும், அதன் அதிகபட்ச ரோட்டார் வேகம் அச்சிடப்பட்ட தயாரிப்பாளர் தாளும்.

டியூனரைக் கடைசியாகத் தேடலாம் என்று நினைப்பது பெரிய தவறு. புல்லி வந்துவிட்டது, பெல்ட் வந்துவிட்டது, ஆனால் இ.சி.யுவில் கை வைக்க ஆள் இல்லை என்று வண்டி மாதக்கணக்கில் நிற்பதைப் பார்க்கிறோம். அதைவிட மோசம், பொறுமையில்லாமல் பழைய மேப்பிலேயே (இ.சி.யுவில் எழுதியிருக்கும் அட்டவணை) ஓட்டிப் பார்ப்பது. டியூனர் உறுதியான பிறகுதான் காசு செலவழிக்கத் தொடங்க வேண்டும்.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. விபத்து நடந்தால் காப்பீட்டிலும் கேள்வி வரும். கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற தடத்தில் ஓட்டுவதற்காக வண்டியைத் தயார் செய்கிறவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். அன்றாடம் அலுவலகம் போய்வருகிற காரில் செய்கிறவர் இதை யோசித்துவிட்டு அடுத்த படிக்குப் போகட்டும்.

2. முதலில் இருக்கிற பூஸ்ட்டை முழுசாக மீட்டெடுங்கள்

பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய வண்டியில், கம்பெனி கொடுத்த பூஸ்ட்டே முழுசாக இருக்காது. அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாயில் கிளாம்ப் தளர்ந்திருக்கும். பூஸ்ட்டைத் திருப்பிவிடும் பைபாஸ் வால்வு முழுசாக மூடாது. ஏர் ஃபில்டர் செம்மண் தூசியில் அடைத்திருக்கும். பெல்ட் வழுக்கும். 8 பி.எஸ்.ஐ (அழுத்தத்தின் அலகு) வர வேண்டிய இடத்தில் 6 வரும். அந்த நிலையில் சின்ன புல்லி போட்டு 8 வரவைத்தால், ரோட்டார் அதிக வேகத்தில் சுற்றி, அதிகச் சூடு கக்கி, பழைய சக்தியைத்தான் கொடுக்கும்.

புகை அல்லது அழுத்தக் காற்று விட்டு ஒழுகல் பாருங்கள். பைபாஸ் வால்வின் கையை விரலால் அசைத்து, முழுசாக மூடுகிறதா என்று பாருங்கள். பெல்ட்டைக் கழற்றிவிட்டு சூப்பர்சார்ஜர் புல்லியைக் கையால் சுற்றுங்கள். கரகரவென்றால் பேரிங் போய்க்கொண்டிருக்கிறது. முன்னும் பின்னும் லேசாகத் திருப்பும்போது தட்டல் சத்தம் வந்தால் உள்ளே இருக்கும் கப்ளர் தேய்ந்திருக்கிறது. ஈட்டன் நிறுவனத்தின் சூப்பர்சார்ஜர் வகைகளில் பெரும்பாலானவற்றுக்குக் கியர் பகுதிக்கெனத் தனி எண்ணெய் உண்டு. இன்ஜின் ஆயில் மாற்றும்போது அதை யாரும் தொடுவதே இல்லை. இப்போது மாற்றிவிடுங்கள். பேரிங் சந்தேகமாக இருந்தால் புல்லிப் பேச்சையே நிறுத்தி, முதலில் அதைச் சரி செய்யுங்கள். வேகத்தைக் கூட்டுவது நோயுள்ள பேரிங்கை உடனே கொன்றுவிடும்.

3. இரண்டு புல்லியையும் ஒரே முறையில் அளவெடுங்கள்

மாவு மில்லில் மோட்டார் பக்கத்துப் புல்லியைப் பெரிதாக்கினாலும், கல் பக்கத்துப் புல்லியைச் சிறிதாக்கினாலும் கல் வேகமாகச் சுற்றும். இங்கேயும் அதே கணக்குதான்: மோட்டார் இடத்தில் இன்ஜினின் கிராங்க் புல்லி, கல் இடத்தில் சூப்பர்சார்ஜர் புல்லி.

விகிதம் = கிராங்க் புல்லி விட்டம் ÷ சூப்பர்சார்ஜர் புல்லி விட்டம்
ரோட்டார் வேகம் = இன்ஜின் ஆர்.பி.எம் × விகிதம்

எங்கே அளப்பது என்பதில்தான் பிழை வரும். புல்லியின் இரு ஓரத்திலும் பெல்ட் நழுவாமல் இருக்க உயர்ந்த விளிம்பு இருக்கும். வெர்னியரை அதன் மேல் வைத்தால் சில மில்லிமீட்டர் கூடுதலாகக் காட்டும். வரிப்பள்ளங்களின் மேல்முனையில் வைத்து அளக்க வேண்டும். கிராங்க் புல்லியையும் அதே மாதிரி அளக்க வேண்டும். ஒன்றை விளிம்பில், மற்றதை வரியில் அளந்தால் கணக்கு முழுதும் கோணலாகிவிடும். விற்பவர் சொல்லும் அளவை அப்படியே நம்பாதீர்கள். வந்ததும் அளந்து பாருங்கள்.

இந்தக் கட்டுரை முழுக்க ஒரு மாதிரி வண்டியை வைத்துக்கொள்வோம். 2.0 லிட்டர் இன்ஜின், அதிகபட்சம் 6,500 ஆர்.பி.எம், ஈட்டன் எம்62 (ஒரு சுற்றுக்குச் சுமார் 1 லிட்டர் காற்று). கிராங்க் புல்லி 140 மி.மீ., சூப்பர்சார்ஜர் புல்லி 85 மி.மீ., பூஸ்ட் 8 பி.எஸ்.ஐ. விகிதம் 1.65. 6,500-ல் ரோட்டார் சுமார் 10,700 ஆர்.பி.எம் சுற்றும்.

4. பழைய புல்லியிலேயே ஒரு முழுப் பதிவு எடுங்கள்

மாற்றுவதற்கு முன் எப்படி இருந்தது என்று தெரியாவிட்டால், மாற்றிய பின் வரும் எந்த எண்ணுக்கும் அர்த்தம் இல்லை. பூஸ்ட், இன்டேக் காற்றின் சூடு, ஸ்பார்க் டைமிங், நாக்கிங் (கலவை தானாக வெடிப்பது) காரணமாக இ.சி.யு பின்தள்ளிய டிகிரி, இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம், லாம்ப்டா (காற்று-எரிபொருள் கலவையின் அளவு, 1-க்கு மேல் போனால் பெட்ரோல் குறைவு) ஆகிய ஆறையும் பதிவு செய்யுங்கள்.

டைனோவில் (வண்டியை நிற்கவைத்தே சக்தியை அளக்கும் கருவி) செய்வது சிறந்தது. அதற்கு வழியில்லை என்றால், ஆளில்லாத நேரத்தில் இரண்டாவது கியரில் முழு ஆக்ஸிலரேட்டர் கொடுத்து எடுக்கலாம். பெரும்பாலான கார்களில் அது நான்குவழிச் சாலையின் வேக வரம்புக்குள்ளேயே முடிந்துவிடும். நான்காவது கியரில் முயல வேண்டாம். அந்த வேகத்துக்கு ரிங் ரோடு இடமில்லை. ஆடும் மாடும் சைக்கிளும் குறுக்கே வருகிற சாலை அது.

பதிவை மதிய வெயிலில் எடுங்கள். காலை ஆறு மணிக்கு எடுத்த பதிவு அழகாக இருக்கும், ஆனால் ஏமாற்றும். இன்னொன்றும் சேர்த்துச் செய்யுங்கள்: கோரிப்பாளையம், காளவாசல் பக்கம் மாலை நெரிசலில் இருபது நிமிடம் ஊர்ந்துவிட்டு, திறந்த சாலைக்கு வந்ததும் இன்டேக் சூட்டைப் பாருங்கள். சூப்பர்சார்ஜரும் இன்டர்கூலரும் சூட்டை உள்ளேயே வாங்கி வைத்திருக்கும். உங்கள் வண்டியின் உண்மையான மோசமான நிலை அதுதான். புல்லியை அந்த நிலைக்குத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கொடைக்கானல் மலையில் எடுத்த எண்ணை இதில் கலக்கக் கூடாது. மதுரை கடல் மட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர் உயரம்தான், காற்றழுத்தம் 14.5 பி.எஸ்.ஐ. கொடைக்கானல் 2,100 மீட்டரைத் தாண்டியது. அங்கே காற்றழுத்தம் சுமார் 11.4-தான். இதே வண்டி அங்கே 6 பி.எஸ்.ஐ சொச்சம்தான் காட்டும். வண்டியில் கோளாறு இல்லை. அதைப் பார்த்துவிட்டு "பூஸ்ட் போயிடுச்சு, புல்லி மாத்தணும்" என்று இறங்கி வருகிறவர்கள் உண்டு.

5. முதல் எல்லை: ரோட்டார் வேகம்

இது கணக்கில் எளிது, ஆனால் மீற முடியாதது. எம்62-க்குத் தொடர்ந்து ஓடக்கூடிய வேகம் 14,000 ஆர்.பி.எம். நம் மாதிரி வண்டிக்கு:

85 மி.மீ.: சுமார் 10,700
80 மி.மீ.: சுமார் 11,400
75 மி.மீ.: சுமார் 12,100
70 மி.மீ.: 13,000
65 மி.மீ.: 14,000

65 சரியாக எல்லையில் நிற்கிறது, அதனால் போடலாம் என்று தோன்றும். வேண்டாம். கியர் தவறி விழுந்து இன்ஜின் ஒரு நொடி 7,000 தொட்டால் ரோட்டார் 15,000-ஐத் தாண்டிவிடும். ரோட்டார்களுக்கும் கூட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி மிக மெல்லியது. சூட்டில் விரிந்து உரசினால் அலுமினியத் துகள் நேராக இன்ஜினுக்குள் போகும். எல்லையில் பத்து சதவீதத்தையாவது மிச்சம் வையுங்கள். அப்படிப் பார்த்தால் 12,600. இந்த வண்டிக்கு 70-ம் இங்கேயே கழிந்துவிட்டது.

எம்62 வரிசை ரோட்டாரில் மூன்று மடல், 60 டிகிரி முறுக்கு. ஈட்டனின் பிந்தைய டி.வி.எஸ் வரிசையில் நான்கு மடல், 160 டிகிரி முறுக்கு. அவை அதிக வேகத்தையும் தாங்கும், சூடும் குறைவு. ஆகவே ஒன்றின் எண்ணை இன்னொன்றுக்குப் பயன்படுத்தாதீர்கள்.

6. பூஸ்ட் எவ்வளவு ஏறும்? முழு அழுத்தத்தை வைத்துக் கணக்கிடுங்கள்

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. 85-லிருந்து 70-க்குப் போனால் 8 × 85 ÷ 70, அதாவது 9.7 பி.எஸ்.ஐ வரும் என்று கணக்குப் போடுகிறார்கள். தவறு. சூப்பர்சார்ஜர் கேஜில் தெரியும் பூஸ்ட்டை மட்டும் பெருக்குவதில்லை. வெளிக்காற்றின் 14.5-ஐயும் சேர்த்துத்தான் பெருக்குகிறது.

(14.5 + 8) × 85 ÷ 70 = 27.3
27.3 − 14.5 = 12.8 பி.எஸ்.ஐ

9.7 என்று நினைத்து இன்ஜினைத் தயார் செய்தவருக்கு 12.8 வந்தால் பிஸ்டன் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இதே முறையில் 80-க்கு 9.4, 75-க்கு 11.0, 65-க்கு 14.9 வருகிறது.

இது மதிப்பீடுதான். ரோட்டார் வழியாகக் காற்று பின்னோக்கிக் கசிந்தால் சற்றுக் குறையும். சூடு கூடினால் சற்று ஏறும். ஒரு பி.எஸ்.ஐ இப்படியோ அப்படியோ இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேலே சொன்னது ரூட்ஸ், ட்வின் ஸ்க்ரூ வகைகளுக்கு (இரண்டு ரோட்டார் சுற்றிக் காற்றைத் தள்ளுபவை, எம்62 ரூட்ஸ் வகை). மையவிலக்கு வகை, அதாவது நத்தை ஓடு போல உறை உள்ளது, வேறு விதம். அதில் பூஸ்ட் ஏறக்குறைய வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். வேகம் 10 சதவீதம் கூடினால் 8 பி.எஸ்.ஐ என்பது 9.7 ஆகும். அதோடு உள்ளே தனிக் கியர் வேகத்தைப் பல மடங்கு கூட்டுவதால், ரோட்டார் வேகம் பார்க்கும்போது அந்தக் கியர் விகிதத்தையும் பெருக்க வேண்டும்.

7. இரண்டாவது எல்லை: சூடு. இங்கேதான் நிதானம் வேண்டும்

கத்திரி வெயிலில் மதுரையில் 40 டிகிரி சாதாரணம். பானட்டுக்குள் இன்னும் அதிகம். ஆனாலும் 40 என்றே வைத்துக்கொள்வோம். ரூட்ஸ் வகையின் திறன் 8 பி.எஸ்.ஐயில் 60 சதவீதம் என்று எடுத்தால், வெளியே வரும் காற்று சுமார் 110 டிகிரி. 70 மி.மீ. புல்லியில் திறன் 55-க்கு இறங்கினால் 150 டிகிரியைத் தாண்டும். 25 டிகிரி உள்ள ஊரில் 8 பி.எஸ்.ஐக்கு 91 டிகிரிதான். வெளிநாட்டு வண்டிக்காரர் "இந்த புல்லி போட்டேன், ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்லும்போது, அவர் ஊர் வெயில் என்ன என்று முதலில் கேளுங்கள்.

சூட்டினால் இரண்டு கெடுதல். ஒன்று, கேஜ் காட்டும் அளவுக்குக் காற்று உள்ளே போவதில்லை. இன்டர்கூலர் இல்லாத வண்டியில், 22.5-லிருந்து 27.3-க்கு அழுத்தம் 21 சதவீதம் ஏறினாலும், காற்று 110-லிருந்து 152 டிகிரிக்குச் சூடாகிவிடுவதால் அடர்த்தி 9 சதவீதம்தான் கூடுகிறது. மீதி வெறும் சூட்டின் வீக்கம். நல்ல தண்ணீர் இன்டர்கூலர் இருந்து, 110-ஐ 68 டிகிரிக்கும் 152-ஐ 80 டிகிரிக்கும் குளிர்வித்தால், அதே அழுத்தத்துக்கு 17 சதவீதம் கூடும். அதனால்தான் இன்டர்கூலர் இல்லாத வண்டிக்குச் சின்ன புல்லி கேட்டு வருகிறவரிடம், அந்தக் காசை முதலில் இன்டர்கூலரில் போடுங்கள் என்று சொல்கிறேன். புல்லியே மாற்றாமல் கிடைக்கிற சக்தி அது. கோடையிலும் நிற்கும்.

இரண்டாவது கெடுதல் நாக்கிங். சூடான காற்று, அதிக அழுத்தம், குறைந்த ஆக்டேன் மூன்றும் சேர்ந்தால் ஸ்பார்க் மூட்டிய தீ பரவி வருமுன்பே மீதிக் கலவை தானாக வெடிக்கும். பிஸ்டன் வளையங்களுக்கு நடுவே இருக்கும் மெல்லிய பகுதி உடையும். இ.சி.யு டைமிங்கைப் பின்தள்ளி இன்ஜினைக் காப்பாற்றப் பார்க்கும், அப்போது சக்தியும் போய்விடும். மதிய வெயிலில் பெரிய புல்லி வண்டியைவிடச் சின்ன புல்லி வண்டி மெதுவாகப் போவதற்குக் காரணம் இதுதான்.

நான்காவது படியில் எடுத்த பதிவு இங்கே உதவும். பழைய புல்லியிலேயே நெரிசலுக்குப் பின் இன்டேக் சூடு 60 டிகிரியைத் தாண்டி, இ.சி.யு இரண்டு மூன்று டிகிரி பின்தள்ளுகிறது என்றால், உங்கள் வண்டி ஏற்கெனவே எல்லையில் இருக்கிறது. அதில் புல்லி மாற்ற இடமில்லை. முதலில் குளிர்விப்பைப் பாருங்கள்: இன்டர்கூலர் தண்ணீர் பம்ப் ஓடுகிறதா, முன்னால் இருக்கும் சின்ன ரேடியேட்டரில் பூச்சியும் மண்ணும் அடைத்திருக்கிறதா, ஏர் இன்டேக் பானட்டுக்குள் இருக்கும் சூட்டுக் காற்றை இழுக்கிறதா?

8. மூன்றாவது எல்லை: பங்கில் எந்தப் பெட்ரோல் கிடைக்கிறது

இங்கே சாதாரணப் பெட்ரோல் நீண்ட காலம் 91 ஆக்டேன் என்ற குறைந்தபட்ச விதிக்கு விற்கப்பட்டது. பிரீமியம் 95. நூறு ஆக்டேன் எல்லா ஊரிலும் எல்லா நாளும் கிடைக்காது. கிடைக்கிறபோது மட்டும் ஊற்றலாம் என்று அதற்கேற்ப டியூன் செய்யக் கூடாது. ராமநாதபுரம் சாலையில் டேங்க் காலியானால் கிடைக்கிற பங்கில்தான் ஊற்ற வேண்டிவரும். நீங்கள் எப்போதும் நம்பிப் போகக்கூடிய பங்கில் கிடைப்பதை வைத்தே முடிவு செய்யுங்கள். 95 நிச்சயம் இல்லை என்றால் கம்பெனி புல்லியை விடாதீர்கள்.

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் ஒரு விதத்தில் உதவுகிறது. எத்தனால் ஆவியாகும்போது காற்றைக் குளிர்விக்கும், நாக்கிங்கைத் தாங்கும். ஆனால் அதே காற்றுக்கு அதிக எரிபொருள் வேண்டும். சுத்தமான பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்றால், இதற்குச் சுமார் 13.5. ஆகவே வைட்பேண்டில் காற்று-எரிபொருள் எண்ணைப் பார்க்காமல் லாம்ப்டாவைப் பாருங்கள். குழப்பம் வராது. ரப்பர் குழாய்களும் சீல்களும் பழையவை என்றால் எத்தனால் தாங்கும் வகைக்கு இப்போதே மாற்றிவிடுங்கள்.

9. நான்காவது எல்லை: இன்ஜெக்டரும் பம்பும்

இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதை இப்படிப் பாருங்கள்:

திறந்திருக்கும் சதவீதம் = மில்லிநொடி × ஆர்.பி.எம் ÷ 1,200

6,500-ல் 14.8 மில்லிநொடி என்றால் 80 சதவீதம். பாதுகாப்பாக ஓட 85-க்குள் இருக்க வேண்டும். இப்போதே 80 என்றால், காற்று 15 சதவீதம் கூடியதும் 92 ஆகிவிடும். புல்லிக்கு முன் இன்ஜெக்டர் மாற்ற வேண்டும். இப்போது 65 என்றால் இடம் இருக்கிறது. (சிலிண்டருக்குள் நேரடியாகப் பீய்ச்சும் வண்டிகளுக்கு இந்தச் சூத்திரம் பொருந்தாது. அங்கே எரிபொருள் ரயிலின் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாய்) அழுத்தம் விழுகிறதா என்று பாருங்கள்.)

உச்ச பூஸ்ட்டில் எரிபொருள் அழுத்தம் விழுந்தால் இன்ஜெக்டரில் குற்றமில்லை. பம்ப் தளர்ந்திருக்கிறது அல்லது ஃபில்டர் அடைத்திருக்கிறது.

இன்டேக் அழுத்த சென்சார் எவ்வளவு வரை படிக்கும் என்பதையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். 2 பார் சென்சார் 29 பி.எஸ்.ஐ முழு அழுத்தம் வரைதான் படிக்கும். அதற்கு மேல் எவ்வளவு ஏறினாலும் இ.சி.யுவுக்குத் தெரியாது.

10. ஐந்தாவது எல்லை: பெல்ட்

சூப்பர்சார்ஜரைச் சுற்றப் பெல்ட் சுமக்கும் சுமை பலர் நினைப்பதைவிட வேகமாக ஏறுகிறது. நம் வண்டியில் 85 மி.மீ., 8 பி.எஸ்.ஐயில், உராய்வைச் சேர்க்காமலே சுமார் 13 குதிரைத்திறன். 70 மி.மீ., 12.8 பி.எஸ்.ஐயில் அது 26. சுமை இரட்டிப்பாகிறது, ஆனால் புல்லி சின்னதாவதால் பெல்ட் பிடிக்கும் பரப்பு குறைகிறது. வழுக்காமல் என்ன செய்யும்?

வழுக்குகிறதா என்பதைப் பதிவில் பாருங்கள். பூஸ்ட் 5,000 வரை நன்றாக ஏறி, பிறகு ஏறாமல் சரிந்தால் பெல்ட்தான். கறுப்புத் தூசி புல்லியைச் சுற்றி ஒட்டியிருக்கும். அப்போது இன்னும் சின்ன புல்லி போடுவது எதிர்மாறான வைத்தியம். ஐட்லரை (பெல்ட்டை வழிநடத்தும் உருளை) நகர்த்தி பெல்ட்டைப் புல்லியில் அதிகம் சுற்றி வரச் செய்வது, பெல்ட்டை இறுக்கும் டென்ஷனரைப் புதிதாக்குவது, ஆறு வரிக்குப் பதில் எட்டு வரிப் புல்லிகளுக்கு மாறுவது என்ற வரிசையில் போங்கள்.

11. இப்போது அளவைத் தேர்ந்தெடுங்கள்

ஐந்து எல்லையிலும் மிகப் பெரிய புல்லியைச் சொல்வது எதுவோ, அதை எடுத்துக்கொள்ளுங்கள். நம் மாதிரி வண்டியில் ரோட்டார் வேகம் 75-ஐ அனுமதிக்கிறது. இன்டர்கூலர் இல்லை என்றால் சூடு 80-ல் நிறுத்திவிடும். என் கருத்தில் அதுகூட மழைக்காலத்துக்குத்தான். நல்ல தண்ணீர் இன்டர்கூலர், எப்போதும் 95 ஆக்டேன், இன்ஜெக்டரில் இடம் மூன்றும் இருந்தால் 75. இரண்டு அளவுக்கு நடுவில் மனம் ஊசலாடினால் பெரியதை எடுங்கள். 5 மி.மீ. வித்தியாசத்தில் இழக்கும் ஒன்றரை பி.எஸ்.ஐயைச் சாலையில் உணர்வது கடினம்.

சூப்பர்சார்ஜர் புல்லியைச் சிறிதாக்குவதா, கிராங்க் புல்லியைப் பெரிதாக்குவதா? பெல்ட் பிடிப்புக்குக் கிராங்க் புல்லியைப் பெரிதாக்குவது நல்லது. ஆனால் ஒரே பெல்ட்டில் ஆல்டர்னேட்டர், தண்ணீர் பம்ப், ஏசி கம்ப்ரெஸர் எல்லாம் ஓடினால் அவையும் வேகமாகச் சுற்றும். இன்னொன்று முக்கியம். பல வண்டிகளில் கிராங்க் புல்லிதான் அதிர்வை உறிஞ்சும் டேம்பர், நடுவில் ரப்பர் வளையம் இருக்கும். அதைத் தூக்கிவிட்டு முழு அலுமினியப் புல்லி போட்டால் கிராங்க் ஷாஃப்ட்டின் முறுக்கு அதிர்வை அடக்க எதுவும் இருக்காது. டேம்பரை வைத்துக்கொண்டே மேலே வளையம் சேர்க்கும் வகை இருந்தால் மட்டும் அந்த வழியில் போங்கள்.

12. வாங்குவதா, லேத்தில் கடைவதா

கே.புதூர் சிட்கோவிலும் கப்பலூரிலும் கைதேர்ந்த கடைசல்காரர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் இந்தப் புல்லி அவர்கள் அன்றாடம் செய்யும் கிணற்று மோட்டார் புல்லி அல்ல. அது நிமிடத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் சுற்றும், இது பன்னிரண்டாயிரம். வரிகளின் இடைவெளி 3.56 மி.மீ., பள்ளத்தின் கோணம் 40 டிகிரி. இவற்றுக்குத் தனி உருவக் கருவி வேண்டும். சுற்றும்போது வரும் ஆட்டம் டயல் கேஜில் 0.05 மி.மீட்டருக்குள் நிற்க வேண்டும், டைனமிக் பேலன்ஸும் செய்ய வேண்டும். இதையெல்லாம் எழுதிக் கொடுத்து, அளந்து வாங்கத் தயார் என்றால் கடையலாம். இல்லையென்றால் தயாராக விற்பதை வாங்குவதே மலிவு. அடிப்பகுதி நிரந்தரமாக இருந்து வெளிவளையத்தை மட்டும் போல்ட்டில் மாற்றும் வகை கிடைத்தால் அதையே தேடுங்கள். அடுத்த முறை புல்லியை இழுத்துக் கழற்றும் புல்லர் தேவைப்படாது.

பெல்ட் நீளமும் குறையும். பாதிச் சுற்று அளவுக்குப் பெல்ட் தழுவியிருந்தால், குறையும் நீளம் = விட்ட வித்தியாசம் × 1.57. 85-லிருந்து 75-க்குச் சுமார் 16 மி.மீ. 6பிகே1750 என்றால் ஆறு வரி, 1,750 மி.மீ. நீளம். அதற்குப் பதில் 1,735 பக்கம் தேடுங்கள். கிராங்க் புல்லியைப் பெரிதாக்கினால் கணக்குத் திரும்பிவிடும், பெல்ட் நீள வேண்டும்.

13. பொருத்துவது

அழுத்திப் பொருத்திய பழைய புல்லியைச் சுத்தியால் தட்டிக் கழற்றாதீர்கள். அந்த அடி நேராக பேரிங்குக்கும் ரோட்டார்களின் டைமிங் கியருக்கும் போகும். மூன்று கால் புல்லர் கொண்டு சமமாக இழுக்க வேண்டும். கழற்றுவதற்கு முன், ஷாஃப்ட் முனையிலிருந்து புல்லி எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். புதியதும் அதே ஆழத்தில் உட்கார வேண்டும். புதிய புல்லியைச் சூடாக்கி ஏற்றுங்கள், ஷாஃப்டைச் சூடாக்காதீர்கள். சீல் உருகும்.

ஏற்றியதும் நேரான இரும்புப் பட்டையைப் புல்லிகளின் முகத்தில் வைத்து வரிசை பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் விலகினாலே பெல்ட் ஒரு வரி தாவும், ஓரம் பிரியும். டென்ஷனரின் கை நடுப்பகுதியில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, சாவியைத் திருப்பும் முன் இன்ஜினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள்.

ஸ்பார்க் பிளக்கை ஒரு படி குளிர்ந்த வகைக்கு மாற்றி, இடைவெளியை 0.7 மி.மீ. பக்கம் குறையுங்கள். அழுத்தம் கூடும்போது பெரிய இடைவெளியில் பொறி அணைந்துபோகும். அந்தத் திக்கலைப் பெட்ரோல் கோளாறு என்று நினைத்து நாளைக் கழிப்பார்கள்.

14. முதல் ஓட்டமும் டியூனிங்கும்

முதல் ஸ்டார்ட்டுக்கு முன்பே பாதுகாப்பான மேப் இ.சி.யுவில் இருக்க வேண்டும். கூடும் ஒவ்வொரு பி.எஸ்.ஐக்கும் ஒரு டிகிரி டைமிங்கைப் பின்தள்ளி, பூஸ்ட்டில் லாம்ப்டா 0.80 பக்கம் வைத்துத் தொடங்குவது வழக்கம். முன்தள்ளுவதைப் பிறகு, பதிவைப் பார்த்துப் பார்த்து, அரை டிகிரியாகச் செய்யலாம்.

முதல் நாள் 4,000 ஆர்.பி.எம்முக்கு மேல் போகாதீர்கள். பதிவைப் பாருங்கள். சரி என்றால் 5,000, பிறகு 6,500. கணக்கிட்ட பூஸ்ட்டைவிட ஒன்றரை பி.எஸ்.ஐ கூடுதலாக வந்தால் நிறுத்தி, விட்டங்களை மறுபடி அளந்து பாருங்கள். குறைவாக வந்தால் ஒழுகல், பைபாஸ், பெல்ட் என்ற வரிசையில் தேடுங்கள். ஆர்.பி.எம் ஏற ஏற லாம்ப்டாவும் பெருகினால், அதாவது பெட்ரோல் போதாமல் போனால், அந்த நொடியே காலை எடுங்கள். டியூனிங்கை மதிய வெயிலில் முடியுங்கள். பெங்களூரு மாதிரி குளிர்ந்த ஊர் டைனோவில் முடித்துக் கொண்டுவந்தால், மதுரை வெயிலில் மறுபடி பதிவு எடுத்துச் சரிபார்க்காமல் முழு ஆக்ஸிலரேட்டர் கொடுக்காதீர்கள்.

15. முதல் ஆயிரம் கிலோமீட்டர்

புதிய பெல்ட் நூறு இருநூறு கிலோமீட்டரில் சற்று நீளும். டென்ஷனர் நிலையை அப்போது ஒரு முறையும் ஆயிரத்தில் ஒரு முறையும் பாருங்கள். ஆயிரத்தில் பிளக்கைக் கழற்றிப் பீங்கானை உற்றுப் பாருங்கள். கரும்புள்ளியோ அலுமினியம் மினுமினுக்கும் துகளோ ஒட்டியிருந்தால் நாக்கிங் நடந்திருக்கிறது, உடனே பெரிய புல்லிக்குத் திரும்ப வேண்டும்.

பழைய புல்லியையும் அதன் பெல்ட்டையும் விற்றுவிடாதீர்கள். டியூனரிடம் பழைய புல்லிக்கான மேப்பையும் தனிக் கோப்பாக வாங்கி வையுங்கள். வெளிவளையத்தை மாற்றும் வகை புல்லியாக இருந்தால் பங்குனி கடைசியில் 80 அல்லது 85-க்கு மாறி, அந்த மேப்பை ஏற்றி, ஐப்பசி மழை பிடித்ததும் மறுபடி 75-க்கு வரலாம். பெல்ட்டையும் கூடவே மாற்ற மறக்காதீர்கள், நீளம் வேறு.